அப்பா அடித்த வெள்ளை

(இறுதியாண்டு, சிவில் பிரிவு)

"மலருக்கு ரெண்டு பக்கம் காலியா இருக்கு, நீ ஏதாவது எழுதிக் குடுடா" என்று நம் மாணவர் மன்றச் செயலாளர் கேட்டபோது, எனக்கு எழுத வராது என்று தப்பிக்கத்தான் பார்த்தேன். நம் கல்லூரியில் கவிதை எழுதும் நண்பர்களுக்குப் பஞ்சமில்லை. காதல், நட்பு, நிலா எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் சுண்ணாம்பைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள், நண்பர்களே!

என் அப்பா வெள்ளையடிக்கிறவர். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன கிராமம் எங்களுடையது. பொங்கலுக்கு முன்னால் ஒரு மாதம், கல்யாண சீசனில் ஒரு மாதம், நடுவில் கோயில் வேலை ஏதாவது வந்தால் உண்டு. மற்ற நாட்களில் சித்தாள் வேலைக்குப் போவார். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கையெழுத்துப் போட மட்டும் பழகிக்கொண்டார். அம்மா நடவுக்குப் போவார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

இந்தக் கல்லூரியில் சேரும்போது விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'வெள்ளையடிப்பவர்' என்று எழுதக் கூச்சமாக இருந்தது. 'பெயிண்டிங் கான்ட்ராக்டர்' என்று எழுதிவிட்டேன். பக்கத்தில் நின்ற அப்பா, "என்னப்பா எழுதியிருக்க?" என்று கேட்டார். "உங்க தொழில்தான்பா" என்றேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது அன்றைக்கு எனக்குச் சௌகரியமாக இருந்தது. இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்பது கடைசியில் உங்களுக்குப் புரியும்.

பெரிய கோயிலில் ஒரு நாள்

சென்ற ஆண்டு நம் பிரிவிலிருந்து தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். வழக்கம்போல நாங்கள் போட்டோ எடுப்பதில் மும்முரமாக இருந்தோம். "கட்டடத்தைப் பாருங்கடா, அப்புறம் உங்க மூஞ்சியைப் பாக்கலாம்" என்று சார் சத்தம் போட்டார்.

1010-ல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த கோயில் என்பது எல்லோருக்கும் தெரியும். கருவறையைச் சுற்றி, இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓர் இருட்டான சுற்றுப்பாதை இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. அங்கேதான் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. பொதுமக்களை அங்கே விடுவதில்லை. வளாகத்தில் உள்ள விளக்க மையத்தில் படங்களாகத்தான் பார்த்தோம். சுந்தரமூர்த்தி நாயனார் வெள்ளை யானையில் கயிலாயம் போவது, தேரில் நின்று முப்புரம் எரிக்கும் சிவபெருமான், ஆடும் பெண்கள்... ஆயிரம் வருடத்துக்கு முன்னால் எழுதிய முகங்கள்!

அந்த ஓவியங்கள் பல நூறு வருடம் யார் கண்ணுக்கும் படாமல் இருந்தன. நாயக்கர் காலத்தில் அதே சுவரில் அவற்றின் மேலேயே புதுச் சாந்து பூசி வேறு ஓவியம் எழுதிவிட்டார்கள். 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி என்ற வரலாற்று ஆசிரியர் அந்த இருட்டுக்குள் போய்ப் பார்த்தார். மேல் பூச்சு உதிர்ந்திருந்த இடத்தில், உள்ளே இன்னொரு ஓவியம் தெரிந்தது. அதுதான் சோழர் ஓவியம்.

சரி, கீழே உள்ளதைப் பார்க்க மேலே உள்ளதைச் சுரண்டி எறிந்துவிடலாமா? அதுவும் 400 வருடப் பழமையான ஓவியமாயிற்றே! நம் வீட்டுச் சுவர் மாதிரி கொத்தி எடுக்க முடியாது. பொதுவாக இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று சார் விளக்கினார். முதலில் மேல் ஓவியத்தின் முகத்தில் மெல்லிய தாளையோ துணியையோ பசை தடவி ஒட்டுவார்கள். பிறகு பூச்சோடு சேர்த்து மெதுவாகப் பெயர்த்து எடுத்து, பின்பக்கம் புதிதாக ஒரு தாங்கு பலகை கொடுத்து, கடைசியில் முகத்தில் ஒட்டிய தாளைத் தண்ணீரோ வேறு திரவமோ தொட்டு நீக்குவார்கள். இப்படி 16 நாயக்கர் ஓவியங்களை இந்தியத் தொல்லியல் துறை பிரித்தெடுத்து ஃபைபர் கிளாஸ் பலகைகளில் பொருத்தியிருக்கிறது. மேலே இருந்ததும் பிழைத்தது, கீழே இருந்ததும் வெளிச்சத்துக்கு வந்தது.

"ரூஃப் கான்கிரீட் போடறவன் மட்டும்தான் சிவில் இன்ஜினியர்னு நினைச்சுக்காதீங்கடா. இதுவும் சிவில் வேலைதான்" என்றார் சார். அந்த வார்த்தை எனக்குள் எங்கேயோ போய் ஒட்டிக்கொண்டது.

சுவரில் நடக்கும் கெமிஸ்ட்ரி

திரும்பி வந்ததும் செமினாருக்கு இதே தலைப்பைக் கேட்டு வாங்கினேன். நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். முதல் வருடத்தில் பிட் எழுதிப் பாஸ் செய்த கெமிஸ்ட்ரி (உண்மையைச் சொன்னால் என்ன!) அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ காளவாயில் சுட்டால் கால்சியம் ஆக்சைடு. தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீர்த்துக் கால்சியம் ஹைட்ராக்சைடு. அதைச் சுவரில் பூசினால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு கால்சியம் கார்பனேட் ஆகிறது. அதாவது, கல்லாகப் பிறந்தது, சுட்டுத் தூளாகி, மறுபடியும் கல்லாகவே ஆகிவிடுகிறது. சாந்து ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் நிறத்தைத் தீட்டினால், சுண்ணாம்பு கல்லாகும்போது நிறமும் அந்தக் கல்லுக்குள் பூட்டப்பட்டுவிடும். தனியாகப் பசை வேண்டாம். 1930-களில் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் பெரிய கோயில் ஓவியங்களை ஆராய்ந்து, அவை இப்படி ஈரச் சாந்தின் மேல் எழுதப்பட்டவை என்று சொன்னார். காவிக்கல், மஞ்சள் மண், பச்சை மண், கரி, சுண்ணாம்பு என்று பெரும்பாலும் மண்ணிலிருந்து கிடைத்த நிறங்கள்தான்.

காய்ந்த சுவரில் கோந்தோ வஜ்ஜிரமோ கலந்து எழுதிய ஓவியங்களும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஈரத்துணியால் ஒரு துடைப்புத் துடைத்தால், இரண்டாவது வகை துணியோடு வந்துவிடும். எந்த வகை என்று தெரியாமல் தண்ணீர்கூடத் தொடக்கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம்.

இந்த ஓவியங்களுக்கு முதல் எதிரி யார் தெரியுமா? மனிதன் இல்லை, தண்ணீர்! மேல்தளத்தில் ஒழுகும் தண்ணீரும், அடியிலிருந்து ஏறும் ஓதமும் சுவரில் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. மேற்பரப்பில் தண்ணீர் காய்ந்து போகும், உப்பு மட்டும் நிற்கும். அது படிகமாக வளரும்போது நிறத்தைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளும். நம் வீட்டுச் சுவர் பொரிந்து போவது இதனால்தான். அந்த இடத்தில் 'ஸ்ட்ராங்காக இருக்கட்டும்' என்று சிமெண்ட் பூசினால் முடிந்தது கதை. சிமெண்டுப் பூச்சு ஈரத்தை எளிதில் வெளியே விடாது. தண்ணீர் வேறு வழி தேடிப் பக்கத்தில் உள்ள பழைய சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறும். அதில்தானே ஓவியம் இருக்கிறது! போதாக்குறைக்குச் சிமெண்டில் உள்ள உப்பும் கூடவே சேரும்.

இரண்டாவது எதிரி, நல்லது செய்வதாக நினைக்கும் நம்மைப் போன்றவர்கள். அஜந்தா ஓவியங்களைப் பாதுகாக்க 1920-ல் ஹைதராபாத் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து செக்கோனி, ஓர்சினி என்ற இரண்டு நிபுணர்களை வரவழைத்தது. உதிர்ந்துகொண்டிருந்த பல இடங்களை அவர்கள் ஒட்டிக் காப்பாற்றினார்கள். கூடவே, பாதுகாப்புக்காக அரக்கு வார்னிஷ் பூசினார்கள். அந்த வார்னிஷ் வருடங்கள் போகப் போகப் பழுத்துக் கறுத்து, ஓவியத்தையே மங்கலாக்கிவிட்டது. பிறகு வந்த தொல்லியல் துறை வேதியியலாளர்கள் அதைக் கரைத்து எடுக்கப் படாத பாடு பட்டார்கள். நிபுணர்களுக்கே இந்தக் கதி! அதனால்தான் இப்போது, 'பிறகு ஒருவர் வந்து கழற்ற முடியாத எதையும் பூசாதே' என்பதைச் சட்டம் மாதிரி வைத்திருக்கிறார்கள்.

பொன் வேலைக்கும் இதே கதைதான். பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்கு ராஜராஜன் கொடுத்த செப்புக்குடத்தின் நிறை 3,083 பலம், அதன்மேல் போர்த்திய பொன் தகடு 2,926½ கழஞ்சு என்று கல்வெட்டிலேயே கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இப்போது பொன் என்றால் டின்னில் வரும் கோல்டு பெயிண்ட்! அது பித்தளைத் தூள். செம்பும் துத்தநாகமும் கலந்தது, நாளாக ஆகக் கறுத்துப் பச்சை பிடிக்கும். உண்மையான பொன் கறுக்காது. கறுத்துத் தெரிந்தால் மேலே இருப்பது எண்ணெய்ப் புகையும் அழுக்கும்தான். ஆனால் அதைத் தேங்காய் நார் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தால் போச்சு. அடித்து ரேக்காக்கிய தங்கத்தின் கனம் ஒரு மில்லி மீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். நாலு தேய்ப்பில் பொன்னும் அழுக்கோடு போய்விடும்.

செமினார் நன்றாகவே போனது. கைதட்டல்கூடக் கிடைத்தது. அந்த மிதப்பில் சனிக்கிழமை ஊருக்குப் போனேன்.

அப்பாயி சொன்ன சேதி

சாப்பிடும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் அளந்துகொண்டிருந்தேன். கடைசியில் ஆவேசமாக, "எத்தனை கோயில்ல எத்தனை ஓவியத்து மேல வெள்ளையடிச்சு அழிச்சிருக்கானுங்க தெரியுமாப்பா? அறிவு கெட்டவனுங்க! படிப்பறிவு இல்லாதவன் கையில வேலையைக் குடுத்தா இப்படித்தான்" என்றேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். சோறு பாதி அப்படியே இருந்தது.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரவு திண்ணையில் படுத்திருக்கும்போது அப்பாயிதான் மெதுவாகச் சொன்னது.

"நம்மூரு சிவங்கோயில் முன்மண்டபத்துக்கு உங்கப்பன்தான்டா வெள்ளையடிச்சான். நீயெல்லாம் பொறக்கறதுக்கு முன்ன, கும்பாபிஷேகத்துக்கு. மேல பூராவும் படம் போட்டிருந்துச்சு. 'இது மேலயா அடிக்கிறது'ன்னு கேட்டிருக்கான். 'சொன்னதச் செய்டா, கூலிக்காரனுக்கு என்ன கேள்வி'ன்னுட்டாங்க. அன்னிக்கு வந்து சோறு திங்கல அவன். இன்னிக்கும் திங்கல."

எனக்கு உடம்பெல்லாம் சுருங்கிப் போனது. அந்த மண்டபத்தில்தான் நான் சின்ன வயதில் பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டு, மல்லாந்து படுத்துக் கிடந்திருக்கிறேன். மேலே வெறும் வெள்ளைதான் தெரியும்.

மறுநாள் காலையில் அப்பா, "வா, போவோம்" என்று மட்டும் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். மண்டபத்தின் வடகிழக்கு மூலையில் மழைத்தண்ணீர் இறங்கி, உள்ளங்கை அளவுக்கு வெள்ளை பொரிந்து விழுந்திருந்தது. உள்ளே காவிச் சிவப்பில் ஒரு கோடு, அதையொட்டிக் கொஞ்சம் பச்சை.

1931-ல் அந்த இருட்டுக்குள் கோவிந்தசாமிக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தது. பரபரப்பில் ஏணியில் ஏறி, பாக்கெட்டில் இருந்த சாவியை எடுத்து ஓரத்தைச் சுரண்டப் போனேன்.

"தொடாதே!" என்று அப்பா கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "நீதானப்பா நேத்து சொன்ன, தொடக்கூடாதுன்னு? படிச்சது செமினாருக்கு மட்டுந்தானா?"

கீழே இறங்கிவிட்டேன். இப்போது அவர் ஏறினார். விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் 'டக் டக்' என்று கெட்டியான சத்தம். இன்னோர் இடத்தில் 'பொத்' என்றது. "இங்க பொக்கு விட்டிருக்கு. உள்ளாற பூச்சு கல்லுல ஒட்டல. இதச் சுரண்டுனா படத்தோட சேந்து கீழ வரும்" என்றார். ஓவியப் பாதுகாப்பு நிபுணர்களும் இப்படித்தான் தட்டிப் பார்த்துப் பொக்கு விட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, ஊசி வழியாகச் சுண்ணாம்புக் கரைசலை உள்ளே செலுத்தி ஒட்டவைப்பார்கள் என்று நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அப்பா எந்தப் புத்தகத்தில் படித்தார்?

"அப்பா, என்ன படம் இருந்துச்சு? ஞாபகம் இருக்கா?"

ஏணியில் நின்றபடியே கையை நீட்டிக் காட்டினார். "இந்தக் கோடியில யானை, வரிசையா ஏழு. நடுவுல சாமி ஊர்கோலம். அந்தாண்ட ஒரு பொம்பள, கையில கிளி வச்சிருந்துச்சு. அது மூஞ்சி மேல மட்டையப் போட எனக்குக் கை வரல. கடைசியாத்தான் அத அடிச்சேன்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் ஒரு வரி எழுத்து இருந்துச்சுப்பா. என்ன எழுதியிருந்துச்சோ... எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. தெரிஞ்சிருந்தா, இன்னாரு படம், இன்ன சேதின்னு எடுத்துச் சொல்லியிருப்பேன். அவங்களும் யோசிச்சிருப்பாங்க."

'படிப்பறிவு இல்லாதவன் கையில வேலையைக் குடுத்தா' என்று நான் சொன்னேனே... அதை நான் எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது, நண்பர்களே? தண்ணீர் தொட்டுத் துடைத்தால் போகிற வகையா அது?

திரும்பி வந்த அட்வான்ஸ்

விஷயம் இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அந்த நேரத்தில்தான் மறுபடியும் திருப்பணி ஆரம்பித்தது. ஊர்ப் பெரியவர்கள் நிர்வகிக்கும் சின்னக் கோயில் அது. கான்ட்ராக்ட் எடுத்தவர், மண்டபம் பூராவும் பழைய வெள்ளையை மிஷின் வைத்து மணலை அடித்துச் சுரண்டி எடுத்து, சிமெண்ட் பூசி, எனாமல் அடித்துவிடலாம் என்றார். 'பளிச்'சென்று இருக்குமாம். பெயிண்டிங் வேலையை அப்பாவுக்கே கொடுத்து, 5,000 ரூபாய் அட்வான்ஸும் தந்திருந்தார். அதில்தான் என் பரீட்சைக் கட்டணம், ஹாஸ்டல் மெஸ் பாக்கி எல்லாம்.

மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தால் கருங்கல்லிலேயே உளி வேலை மழுங்கும். சுண்ணாம்புப் பூச்சு எம்மாத்திரம்? தமிழ்நாட்டுக் கோயில் திருப்பணிகள் நடக்கும் விதத்தைப் பற்றி 2017-ல் யுனெஸ்கோ குழு ஒன்று நேரில் பார்த்துக் குறைகளை எழுதியிருக்கிறது. கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காப்பது பற்றி 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 75 உத்தரவுகள் பிறப்பித்தது. ஆனால் எங்கள் ஊர் மண்டபத்துக்கு இதெல்லாம் யார் வந்து சொல்வது?

அப்பா போய்ச் சொன்னார். "மத்த வேலை எல்லாம் செய்யறேன். முன்மண்டபத்து மேக்கூரைய மட்டும் நான் தொட மாட்டேன். வேற யாரையும் தொட விடவும் மாட்டேன்." அவர் சிரித்தாராம். "வெள்ளையடிக்கிறவன் எனக்குச் சட்டம் சொல்றியா? பணத்த வச்சுட்டுப் போ" என்றாராம். அப்பா அன்றைக்கே 5,000 ரூபாயையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. "பரிச்சப் பணம் கட்டிடு, கவலைப்படாத" என்று அம்மா சொன்னபோது காது மொட்டையாக இருந்தது.

இரவு அப்பா ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "நீ எழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

தொல்லியல் துறைக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் மனு எழுதினேன். என்ன ஓவியம், எந்த இடத்தில், எவ்வளவு நீளம் அகலம் என்று அப்பா சொல்லச் சொல்ல, சர்வே வகுப்பில் படித்தபடி பிளான் வரைந்து இணைத்தேன். பொரிந்த இடத்தைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து மொபைலில் படம் எடுத்தேன். மனுவின் தொடக்கத்தில், 'நான் வெள்ளையடிக்கும் தொழிலாளி. இந்த ஓவியங்களின் மேல் என் கையாலேயே வெள்ளையடித்தேன். ஆகவே அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்' என்று எழுதச் சொன்னார் அப்பா. எழுதினேன். கல்லூரி விண்ணப்பத்தில் நான் எழுதக் கூசிய வார்த்தை அது.

மனுவின் நகலை ஊர்க் கூட்டத்தில் நானே வாசித்தேன். கை நடுங்கியது. கூட்டத்தில் சில பேர், "இத்தன வருஷமா தெரியாத படம் இப்ப எதுக்குத் தெரியணும்?" என்றார்கள். ஆனால் வயதான இரண்டு பேர், "ஆமாப்பா, யானை இருந்துச்சு. நாங்க சின்னப் புள்ளையில எண்ணியிருக்கோம், ஏழு" என்றார்கள். அந்த ஏழு யானைகள்தான் எங்களைக் காப்பாற்றின! கடைசியில், முன்மண்டபத்து மேற்கூரையை மட்டும் இப்போதைக்கு எதுவும் செய்யாமல் விட்டுவிடுவது என்று முடிவானது. மற்ற இடமெல்லாம் எனாமல் ஏறிவிட்டது. அதைத் தடுக்க முடியவில்லை.

ஒழுக்கை நிறுத்தாமல் விட்டால் பயனில்லையே! அப்பாவும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூலியில்லாமல் மண்டபத்து மேலே வேலை செய்தோம். முளைத்திருந்த அரசங்கன்றை வெட்டினோம். வெடித்த தட்டோடுகளை எடுத்துவிட்டு, சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்து அரைத்த சாந்தில், கடுக்காய் ஊறிய தண்ணீர் விட்டு, மறுபடி பதித்து, தண்ணீர் வடிய வாட்டம் சரிசெய்தோம். "சிமெண்ட் போட்டா சீக்கிரம் முடிஞ்சிருக்குமே அண்ணே" என்றார் ஒரு கூட்டாளி. "என் பையன் படிக்கிற பொஸ்தகத்துல கூடாதுன்னு போட்டிருக்கு" என்றார் அப்பா. அவருக்கு அது ஏற்கெனவே தெரியும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் புத்தகத்தின் மேல் பாரத்தைப் போட்டார்.

இந்த மழைக்காலத்தில் அந்த மூலை நனையவில்லை.

கடைசியாக...

மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. இரண்டு முறை அலுவலகத்துக்குப் போய்வந்தோம். 'பார்க்கலாம்' என்றார்கள். மூன்றாவது முறையும் போவோம்.

ஒரு விஷயம் என் மனதை ஆற்றுகிறது. அப்பா அன்றைக்கு அடித்தது கிளிஞ்சல் சுண்ணாம்பு. மூச்சு விடக்கூடிய பூச்சு. எனாமலோ டிஸ்டம்பரோ அடித்திருந்தால் அதைப் பிரிப்பது பெரும்பாடு. சுண்ணாம்பு என்பதால், பயிற்சி பெற்றவர்கள் கையில் சின்னக் கத்தி வைத்துக்கொண்டு விரற்கடை விரற்கடையாக எடுத்தால் உள்ளே இருப்பது மீள வாய்ப்பு உண்டு. இத்தனை வருடம் புகையும் வௌவால் எச்சமும் நேராகப் படாமல் அந்த வெள்ளையே ஒரு போர்வையாக இருந்திருக்கிறது. இதைச் சொன்னபோது அப்பா நம்பவில்லை. "எனக்கு ஆறுதல் சொல்றியாப்பா?" என்றார். "இல்லப்பா, கெமிஸ்ட்ரி" என்றேன். அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரித்தார்.

நண்பர்களே! நம்மில் பெரும்பாலோர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். கொத்தனார் மகன், ஆசாரி மகன், சித்தாள் மகள் என்று இதே வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறோம்! மெட்டீரியல்ஸ் பேப்பரில் நாம் மனப்பாடம் செய்வது அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கிறது. அவர்களிடம் இல்லாதது எழுத்து மட்டும்தான். அது இப்போது நம்மிடம் இருக்கிறது. அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது உங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில், பழைய சத்திரத்தில், பெரிய வீட்டு முகப்பில் ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். எங்கேயாவது பூச்சு பொரிந்து நிறம் தெரிந்தால் சுரண்டாதீர்கள். படம் எடுங்கள், அளவு எழுதுங்கள், மழைத்தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், மனு எழுதுங்கள். அதற்கு முன்னால், அந்தச் சுவரில் வேலை செய்தவர் யாராவது உயிரோடு இருந்தால் அவரிடம் போய்க் கேளுங்கள்.

கல்லூரி அலுவலகத்துக்குப் போய் என் பதிவேட்டில் 'தந்தையின் தொழில்' கட்டத்தைத் திருத்தித் தரச் சொன்னேன். "இதுக்கெல்லாமா வருவாங்க?" என்று கிளார்க் அண்ணன் சிரித்துக்கொண்டே திருத்தினார்.

கிளி வைத்திருக்கும் அந்தப் பெண்ணின் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தது எங்கள் அப்பா மட்டும்தான். அந்த வெள்ளை என்றைக்காவது முறைப்படி நீங்கினால், அப்பாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவள் காலடியில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியை நான் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும்.